அவரை இலை சுருண்ட நாட்கள்

செவ்வாய்க் கிரகம், நாள் 212 | 07:10
செவ்வாய்க் குடிமக்கள் நாற்பத்தொரு பேருக்கும் தோட்டக் கூடத்தின் அதிகாரபூர்வ அறிவிப்பு: இன்று காலை ஓர் அவரைக்கொடி தன் முதல் பூவை விட்டிருக்கிறது. விடுமுறை இல்லை. மலர்வளையம் அனுப்ப வேண்டாம்.

வெப்பம் 24. ஈரப்பதம் 61. பணியில் இருப்பவர்கள்: ஃபெலிக்ஸ் (நான், வயது பதினேழு), பேசத் தெரியாத ஒரு ரோபோ. முதன்மைத் தளம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி. அவரைக்குப் பெயரிலேயே மரியாதை இருப்பதால் நானும் அவரை ‘அவர்’ என்றே நடத்துகிறேன்.

நாள் 219 | 06:40
புது மக்கு உரம் போட்ட ஆறு பாத்திகளிலும் அவரை இலைகள் கிண்ணமாகக் குவிந்துவிட்டன. கொடியின் நுனி பிழிந்த துணிபோல முறுக்கியிருக்கிறது. தக்காளியும் அப்படியே. மக்காச்சோளம் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் நிற்கிறது. பூச்சி இல்லை. தண்ணீர் சரி.

வானொலியில் நப்பின்னை அக்காவிடம் சொன்னேன். மண் பிரிவுக்குத் தலைவி. பூமியில் பயிற்சி எடுத்த நாளிலிருந்தே, மூன்று வருடமாக என் கேலியைத் தாங்குகிற ஒரே ஆள். வழக்கமாக இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுப்பாள். இன்று எந்தக் குவியலின் உரம் என்று மட்டும் கேட்டாள்.

நாள் 226 | 15:05
பன்னிரண்டு கோப்பைகளில் ஒரே விதை. ஆறில் பழைய உரம், ஆறில் புதியது. புதியது போட்ட ஆறும் முறுக்கிக்கொண்டன. விஷம் உரத்தில்தான்.

கூடத்தின் மூலையில் ஒரு புல்தரை உண்டு. கமாண்டர் வில்வநாதன் பூமியோடு பேசும்போது பின்னால் பச்சை தெரிய வேண்டுமாம். அதற்கு வெறும் தண்ணீர்தான் என்று அக்கா சொல்லியிருந்தாள். கூடத்தில் உள்ள அவளுடைய அலமாரியில் களைக்கொல்லி டப்பா இருக்கிறது. பாதி காலி.

டப்பாவில் எழுதியிருப்பது: புல்லைத் தொடாது (மக்காச்சோளமும் புல் இனம்தான்). அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும். வெட்டிய புல்லை மக்க வைத்தாலும் மருந்து அழியாது. நுண்ணுயிர் நிறைந்த மண்ணிலேயே வருடக்கணக்கில் தங்குமாம். நம் மண்ணில் நுண்ணுயிர் விருந்தாளி மாதிரி, எண்ணி நாலு பேர்.

தோட்டம் களை கட்டவே இல்லை; ஏனென்று இப்போது புரிகிறது. சிரிப்பு வரவில்லை.

அவரையும் பருப்பும் விளையாவிட்டால் கையிருப்பு ஐந்து மாதம். அடுத்த சரக்குக் கப்பல் பதினான்கு மாதம் கழித்து.

“மண்ணுகிட்ட பொய் சொல்லாதடா” என்று தினமும் சொன்னவள். என்னிடம் சொல்லலாம்போல.

நாள் 227 | 09:30
அறிக்கை அனுப்பினேன், கோப்பைகளின் படத்தோடு. கண்டுபிடித்தது நான், தனியாளாக. கமாண்டர் என் பெயரை எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் வாசித்தாராம். இனி என்னை மண் துப்பறிவாளர் என்று அழைக்கலாம்.

இப்போது தளத்தில் நிற்கும் கப்பல் திரும்பும்போது அக்காவை அதில் பூமிக்கு அனுப்புகிறார்கள். புறப்பாடு நாள் 231, மாலை ஆறு மணி. போனால் மறுபடி வர முடியாது. நல்லது என்று எழுதினேன். அடித்தேன். மறுபடி எழுதினேன்: நல்லது.

நாள் 231 | 16:20
கப்பலிலிருந்து வந்தது:

“ஃபெலிக்ஸு, புல்லுக்கு அடிச்சது நான்தான். கமாண்டர் கேட்டாரு, அடிச்சேன். உங்கிட்ட மறைச்சது தப்பு. ஆனா அந்தப் புல்லு உரத்துக்குப் போயிறக் கூடாதுன்னு தனித் தொட்டி வச்சு, ‘எரிக்க மட்டும்’னு பலகை மாட்டிட்டுத்தானேடா வந்தேன். பலகையே இல்லன்னு சொல்றாங்க. நீ பாத்தியா?”



நாள் 231 | 17:41
கமாண்டருக்கு, அவசரம். எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்கவும்.

பலகை இருந்தது. நான்காவது மாதம் உங்கள் சமையலறையிலிருந்து உப்புமா வந்ததே, அந்தப் பாத்திரத்தைத் திருப்பி அனுப்பும்போது தொட்டியின் பலகையைக் கழற்றி அதன் மேல் தொங்கவிட்டேன், ‘எரிக்க மட்டும்’ என்று. ஒரு வாரம் சிரித்தீர்கள். பலகையை யாரும் திருப்பி அனுப்பவில்லை, நானும் கேட்கவில்லை. பலகை இல்லாத தொட்டியை ரோபோ உரக் குழியில்தான் கொட்டும். அன்றிலிருந்து வெட்டிய புல் முழுக்க அங்கேதான் போயிருக்கிறது.

இது இன்று நினைவுக்கு வந்ததல்ல. அறிக்கை எழுதும்போதே வந்தது. கடைசி வரியாகச் சேர்க்கலாம் என்றிருந்தேன். அதற்குள் படங்கள் நன்றாக வந்துவிட்டன, சேர்க்காமலே அனுப்பிவிட்டேன்.

அக்காவை இறக்குங்கள். இந்த மண்ணை மீட்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். எனக்குக் கோப்பையில் விதை போட மட்டுமே தெரியும். அதுவும் அவள் எழுதி வைத்த முறைதான்.

மணி 17:49. பதில் இல்லை.

உப்புமா நன்றாகத்தான் இருந்தது.