வேதமாணிக்கம் பேரில் ஒரு கம்பங்கட்டு

11 பிப்ரவரி 2025, செவ்வாய்

அழகிரிசாமியை நான் வேண்டுமென்றே ஒதுக்கினேன் என்று பேசிக்கொள்கிறார்கள். தவறு. அவர் நம் சபையார் இல்லை என்பதால், ஏலத்தில் கம்பங்கதிர்க் கட்டை ஹார்டுவேர் கடை பிரின்ஸ்டனுக்கு அவசரமாக முடித்துவிட்டேனாம். பதினோரு ஆண்டுகளாக ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை ஏலத்தைக் கூறுகிறவள் நான். ஞாயிறன்றும் முறைப்படிதான் செய்தேன். இரண்டாம் தரம் சொல்லி நிறுத்தினேன். மூச்சு இழுத்தேன். மூன்றாம் தரம் சொல்லி மணியை அடித்தேன். அந்த இடைவெளியில் அழகிரிசாமி வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் முடித்திருப்பேனா?

மணி அடித்தால் அடித்ததுதான். பேராயரே வந்து சொன்னாலும் மாற்ற முடியாது.

13 பிப்ரவரி

வேலை ஓடவில்லை. எழுதிவிடுகிறேன்.

காணிக்கையாக வந்த சேவல், பூசணி, வத்தல் மூட்டை எல்லாம் ஏலம் போன பிறகு, கடைசியில் முதல் அறுப்பின் கம்பங்கட்டு வரும். எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. யார் பேரிலாவது ஆலயத்துக்கே திருப்பிக் கொடுப்பார். மறுபடி கூறுவோம். ஒரே கட்டு நாலைந்து கை மாறும். பெண் பிள்ளைகள் விடுதிக்கு அதில்தான் கணிசமாகச் சேரும்.

என் வீட்டுக்காரர் இருந்தவரை இவர்தான் ஏலம் கூறினார். கால்நடை ஆய்வாளராக இருந்தபோது இடைசெவலில் அழகிரிசாமியின் ஆட்டுக்கிடைக்கு ஊசி போடப் போய், அப்படிப் பழக்கம். இவர் போன பிறகும் அழகிரிசாமி ஓர் ஆண்டுகூடத் தவறவில்லை. இடப்பக்கம் வேம்படியில் நிற்பார். கை தூக்கமாட்டார், வாயால்தான் தொகை சொல்வார். எடுத்ததும் மைக் வேண்டாத குரலில் சொல்வார்:

"வேதமாணிக்கம் சார் பேர்ல திருப்பிக் குடுக்கேன். மறுபடி கூறுங்க டீச்சரம்மா!"

நான் சீட்டைப் பார்ப்பதுபோல் குனிந்துகொள்வேன். ஆண்டுக்கு ஒரு முறை அந்தப் பெயர் எல்லார் முன்னும் ஒலிக்கும். வீட்டில் நான் அதைச் சொல்வதில்லை. யாரிடம் சொல்ல?

இந்த ஆண்டு ஒலிக்கவில்லை. பிரின்ஸ்டனுக்கு வழக்கம் தெரியாது, ஏலத்துக்கு இப்போதுதான் முதல் முறை வந்தவன். கட்டைக் கடை வாசலில் தொங்கவிட்டிருக்கிறான். அழகிரிசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த பண்டிகைக்கு இன்னும் ஓர் ஆண்டு. எனக்கு எழுபத்தாறு.

16 பிப்ரவரி, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ஷைலாவைப் பிடித்தேன். ஏல மேசையில் என் பக்கத்தில் சீட்டு எழுதுகிறவள். இடைசெவலில் நர்ஸ்.

"உண்மையைச் சொல். அவர் தொகை சொன்னாரா?"

"சொன்னாவ டீச்சர். சத்தமாத்தான் சொன்னாவ. ரெண்டாந்தரம் சொன்ன ஒடனேயே."

"நீ ஏன் சும்மா இருந்தாய்?"

"நான் வாயத் தொறக்கதுக்குள்ள மணிய அடிச்சிட்டீய. உங்கள எதுத்துப் பேச நம்ம சபைல யாரு இருக்கா?"

போனில் அன்றைய வீடியோ ஒன்றைக் காட்டினாள். கூட்டத்தில் எல்லார் தலையும் வேம்பை நோக்கித் திரும்புகிறது. நான் மட்டும் நேரே பார்த்தபடி மூன்றாம் தரம் சொல்கிறேன்.

ஒலிபெருக்கி இரைச்சலாக இருந்திருக்கும் என்றேன். அவள் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

17 பிப்ரவரி

இவருடைய கைக்கடிகாரத்துக்குத் தினமும் காலையில் சாவி கொடுப்பேன். கொடுத்ததும் காதில் வைத்துப் பார்ப்பது வழக்கம் — வலது காதில். இன்று இடது காதில் வைத்தேன். நின்றுவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன்.

முள் ஓடிக்கொண்டிருந்தது.

18 பிப்ரவரி

இடது காதில் மூன்று முறை வைத்துப் பார்த்துவிட்டேன். அதேதான்.

எத்தனை நாளாக? யார் யார் இடப்பக்கமிருந்து கூப்பிட்டு, திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டு போனார்களோ.

20 பிப்ரவரி

நான் கேட்காமலே ஷைலா அழகிரிசாமியைப் பார்த்திருக்கிறாள். அவர் சொன்னதாகச் சொன்னாள்: "டீச்சரம்மாவுக்கு நான் வேண்டாம்னா வம்பு எதுக்கு தாயி? சார் பேர நான் இங்கன பருத்திக் காட்டுக்குள்ள நின்னு சொல்லிக்கிடுதேன். ஆடு கேக்கட்டும்."

ஆடு கேட்கிறது. நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் — ஐயோ, என்ன பொழப்பு இது.

21 பிப்ரவரி

பிரின்ஸ்டன் கடைக்குப் போனேன். கட்டைத் திருப்பிக் கேட்டேன்.

"வித்த சாமானப் பிடுங்கலாமா டீச்சர்? போன வருசம் எங்கம்மா சேவலுக்கு ஒரு நிமிசம் பிந்திட்டாவன்னு நீங்க பேசாத சட்டமா?"

ஸ்டூலை நகர்த்திப் போட்டான்.

"உக்காருங்க. கட்டத் தாரேன், துட்டு வேண்டாம். ஆனா தப்பு உங்க பேர்லன்னு நீங்களே மைக்குல சொல்லணும். கள்ள ஏலம் எடுத்தவன்னு என்னயத்தான் கேலி பண்ணுதாங்க."

நியாயம்தான்.

23 பிப்ரவரி, ஞாயிறு

சொல்லிவிட்டேன். மூன்று வாக்கியம். அழகிரிசாமி நேரத்துக்குள் தொகை சொன்னார். என் இடது காது செத்துவிட்டது, அதை நான் மறைத்தேன். பிரின்ஸ்டன்மேல் குற்றம் இல்லை.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். பிரின்ஸ்டன் கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். குருவி பாதியைக் கொத்தியிருக்கிறது.

24 பிப்ரவரி, திங்கள்

நான்கு தாள் கிழித்த பிறகு இன்று தபாலில் சேர்த்தது. நகல்:

மதிப்பிற்குரிய அழகிரிசாமி அவர்களுக்கு,

அன்று நீங்கள் சொன்னது என் காதில் விழவில்லை. அதுதான் உண்மை. அதை ஒத்துக்கொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. மன்னிக்க வேண்டும்.

வரும் ஞாயிறு, மார்ச் 2, காலை ஆராதனைக்குப் பின் அதே கட்டை மறுபடி கூறுகிறேன். கதிர் பாதிதான் இருக்கிறது. அவர் பெயரை ஆடுகள் கேட்டதாக ஷைலா சொன்னாள். நானும் கேட்க வேண்டும். வேம்படியில் நிற்க வேண்டாம். என் வலப்பக்கம் உங்களுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.

போன் செய்ய வேண்டாம்; போனில் பாதி வார்த்தை எனக்குப் பிடிபடுவதில்லை. வருவீர்களா, மாட்டீர்களா என்பதை ஒரு வரி எழுதி, சனிக்கிழமைக்குள் ஷைலாவிடம் கொடுத்தனுப்புங்கள்.