மாங்கனி வரைக்கும் பொறுங்கள் என்றேன்

தலத்தெரு, காரைக்கால்

அன்பு மகள் வெண்மதிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே நான் சௌக்கியம் என்று எழுத வந்தேன், கை ஓடவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள். போனில் பேசினால் பிள்ளை குறுக்கே வந்து சிரிக்கிறான், கேட்க வந்ததை விட்டுவிடுகிறேன், அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். பிள்ளைக்கு இருமல் என்றாயே, நீ நர்சு, உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் நெஞ்சில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் சூடு பண்ணித் தடவு. ராத்திரி டூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே. இங்கே போன வாரக் காற்றில் கொல்லை முருங்கை முறிந்து விழுந்துவிட்டது, பக்கத்து வீட்டு நவநீதன்தான் வந்து வெட்டிப் போட்டான்.

அப்பாவின் பென்ஷனை என் பேருக்கு மாற்ற மின்துறை ஆபீசுக்குப் போயிருந்தேன். அங்கே இருந்த பையன் நல்ல மாதிரிதான், நாற்காலி போட்டு உட்காரவைத்தான். என் வீட்டுக்காரர் இந்தப் பென்ஷன் பேப்பருக்காகச் சித்திரையிலும் வைகாசியிலும் புதுச்சேரிக்கு நடையாய் நடந்தாரே தம்பி, அது என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவன் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, "அவரு பேப்பர்ல ஒரு குறையும் இல்லீங்கம்மா, அவரு எதுக்குப் புதுச்சேரி போகணும்"னு என்னையே திருப்பிக் கேட்டான். காரைக்காலில் யார் எந்த வேலைக்கும் புதுச்சேரிக்குத்தானே பஸ் ஏறுகிறோம், அதனால் நான் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை, கட்டுச்சோறு கட்டிக் கொடுத்துத்தான் அனுப்பினேன். வீட்டுக்கு வந்து இதைச் சலோமியிடம் சொன்னேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அப்புறம்தான் எல்லாம் சொன்னாள். போனது ஆபீசுக்கு இல்லை, ஆஸ்பத்திரிக்கு. கூடப் போனது அவள் வீட்டுக்காரர், அப்பாவின் சிநேகிதர் சவரி அண்ணன். கல்லீரலில் கட்டி, கையை மீறிப் போய்விட்டது, இனிமேல் அவர் ஆசைப்பட்டதைச் சாப்பிடட்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். வெண்மதிக்குத் தெரியுமா என்று கேட்டேன். சலோமி தலையைக் குனிந்துகொண்டு, "அவதாங்க்கா ரிப்போர்ட்ட வாட்ஸ்அப்புல பாத்து எங்களுக்கே வெளங்கும்படி சொன்னா"ன்னு சொன்னாள்.

அம்மாடி, பெற்றவளுக்குச் சொல்லாமல் நீ அவர்களுக்குச் சொன்னாய்.

இப்போது உட்கார்ந்து, அதற்கப்புறம் அவர்களோடு ஊர் சுற்றின அந்த இரண்டு நாளையும் நினைத்துப் பார்க்கிறேன். கோடை முடிகிற சமயம், பள்ளிக்கூடம் திறக்கப் போகிறார்கள், மீன்பிடித் தடை முடிந்து போட்டுகள் கடலுக்குப் போய் வந்த முதல் ஞாயிறு. சனிக்கிழமை சாயந்திரமே சவரி அண்ணன் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, கிளம்புங்கள் நாலு பேரும் ஊர் சுற்றுவோம் என்றார். உன் அப்பா, சினிமாவுக்குக்கூட என்னைக் கூட்டிப் போகாத மனுஷன், அன்றைக்கு மல்லிகைப்பூ வாங்கி என் கையில் கொடுக்கிறார். கடற்கரையில் அரசலாறு சேருகிற இடத்தில் படகு ஏறலாம் என்கிறார். சவரி அண்ணன், "என்னடா சுப்ராயா, பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணிக் கொடுத்துட்டு இப்பத்தான் தேனிலவா"ன்னு கேட்டார். "அப்ப கம்பத்துல ஏறி நிக்கவே நேரம் பத்தல, இப்பத்தானே எறங்கியிருக்கேன்"னு இவர் சொன்னார். நான் வெட்கப்பட்டுச் சிரித்தேன். அப்புறம் இவர் போனை எடுத்துக்கொண்டு மணலில் தள்ளிப் போய் உன்னோடு ரொம்ப நேரம் பேசினார். பிறகு போனை என்னிடம் கொடுத்தபோது, பூ வைத்திருக்கிறேன் பார் என்று வீடியோவில் உனக்குத் திரும்பிக் காட்டினேன், நீ சிக்னல் சரியில்லை என்று முகத்தை மறைத்துக்கொண்டாய். அதையும் நம்பினேன்.

மறுநாள் காலையில் காரைக்கால்மேட்டுக்கு மீன் ஏலம் பார்க்கப் போனோம். அத்தனை நாள் காய்ந்து கிடந்த சனம், திருவிழா மாதிரி கூட்டம். உன் அப்பாவும் நடுவில் புகுந்து ஒரு கூடை நண்டுக்கு ஏலம் கேட்டார். ஏலம் விடுகிற ஆள், "லைன்மேன் சாருக்கு நண்டு, ஷாக் அடிக்காம தூக்கிட்டுப் போங்க"ன்னு கத்த எல்லாரும் சிரித்தார்கள். சலோமி வீட்டில்தான் சமையல். சாப்பிட்டு முடித்ததும் அவர்கள் வீட்டு மரத்து மாம்பழத்தை அறுத்துத் தட்டில் வைத்தாள். உனக்குத்தான் தெரியுமே, அவருக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து மாங்கனித் திருவிழா அன்று சாமி வரும்போது மாடியிலிருந்து இறைக்கிற பழம் நம் கைக்குச் சிக்கினால் அதில் ஒரு துண்டு பிரசாதம் என்று கொடுப்பேன், மற்ற நாளில் மாம்பழ வாசம்கூட வீட்டுக்குள் விட்டதில்லை, அப்படித்தானே அவர் காலைக் காப்பாற்றி வைத்திருந்தேன். அன்றைக்கு ஒரு கதுப்பை எடுத்து வாய்க்கிட்டே கொண்டுபோய்விட்டார். நான் கையிலிருந்து பிடுங்கித் தட்டில் போட்டேன். "ஒண்ணே ஒண்ணு அல்லி"ன்னார். மாங்கனி வரைக்கும் பொறுங்கள், இன்னும் கொஞ்ச நாள்தானே என்று சொன்னேன். அவர் சவரி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கை கழுவ எழுந்து போய்விட்டார். சலோமி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுத்தவர் வீட்டில் இப்படிப் பிடுங்கியது அவர்களுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். "அம்மா உத்தரவு போட்டாச்சு, இதுக்கு அப்பீல் கெடையாது"ன்னு உன் அப்பா சொன்னார், அதற்கும் நான்தான் முதலில் சிரித்தேன். நாலு பேர் ஊர் சுற்றினோம் என்று நினைத்திருந்தேன். மூன்று பேர் ஒரு பக்கம், நான் மட்டும் ஒரு பக்கம் இருந்திருக்கிறேன்.

மாங்கனி வந்தபோது அவர் படுக்கையில். நவநீதன் கூட்டத்தில் முண்டியடித்து ஒரு பழம் பிடித்துக்கொண்டு வந்தான். பிசைந்து நாக்கில் வைத்தேன், உள்ளே இறங்கவில்லை, கடைவாயில் வழிந்தது, துடைத்துவிட்டேன். ஆடியில் போய்விட்டார். நீ வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோதும் சொல்லவில்லை, காரியம் முடிந்து விமானம் ஏறும்போதும் சொல்லவில்லை.

அப்பாதான் சொல்ல வேண்டாம் என்று சத்தியம் வாங்கினார் என்பாய். சலோமியும் அதைத்தான் சொன்னாள், அல்லி சிரித்தபடியே இருக்கட்டும் என்றாராம். அவர் ஆசையை எல்லாரும் சேர்ந்து நிறைவேற்றினீர்கள். அவரோடு குடித்தனம் பண்ணினவள் நான், என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா. அந்தப் பழத்தை அவர் சாப்பிடட்டும் விடுங்கக்கா என்று ஒரு ஆள் சொல்லியிருந்தால் போதும், நானே அறுத்து ஊட்டியிருப்பேன். சலோமி நேற்றுக்கூட மீன் கொண்டுவந்து வாசலில் நின்றாள். உள்ளே இருந்துகொண்டே நான் கதவைத் திறக்கவில்லை.

முந்தாநாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். எனக்கும் சர்க்கரை இருக்கிறதாம். மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இடது பாதம் கொஞ்சம் மரத்துப் போகிறது. வேறு ஒன்றும் இல்லை, இருந்தால் அதையும் எழுதியிருப்பேன். இதை முதலில் உன்னிடம்தான் சொல்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நூறு வயசு நன்றாக இருக்கவேண்டும், என் கோபம் உங்களைத் தொடக்கூடாது. அன்றைக்குக் கடற்கரையில் தள்ளிப் போய் அப்பா உன்னிடம் என்ன பேசினார், நீ என்ன சொன்னாய், ஒன்று விடாமல் எழுது. மறக்காமல் கையால் எழுதித் தபாலில் போடு. போனில் சொல்லாதே, உன் குரலைக் கேட்டால் நான் மன்னித்துவிடுவேன், அதற்கு இன்னும் எனக்கு மனசு வரவில்லை.

இப்படிக்கு
உன் அம்மா
சு. அல்லி