காய்ந்த குடுவை

பெங்களூர்,
ஆஸ்டின் டவுன்
22.11.1999

அன்புள்ள கிருத்திகாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் சுகம், அப்பாவின் முதுகு மட்டும் சுகமில்லை, அது உனக்குத் தெரிந்த பழைய கதைதான். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க அம்மன் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டருக்கெல்லாம் வருஷம் குழம்பிவிடும், அதைச் சரிபண்ணத்தான் எங்களைக் கூட்டிவந்தார்கள் என்று போனில் சொன்னாய். நம் வீட்டுக் காலண்டருக்கு அந்தக் குழப்பமே இல்லை, பழசைக் கழற்றிப் புதுசை அதே ஆணியில் மாட்டிவிடுவேன். உன் ஆபீஸில் சொல்லிப் பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கெமிஸ்ட்ரி வகுப்பைப் பற்றி நீ கேட்டதற்கு உன் தங்கை ‘எல்லாம் நல்லாப் போச்சுக்கா’ என்று சொல்லி போனை வைத்துவிட்டாள். போன அழகை நான் சொல்கிறேன். ஹைஸ்கூல் பிள்ளைகளில் கெட்டிக்காரர்களாகப் பொறுக்கி, காலேஜில் படிக்கவேண்டியதை இப்போதே சொல்லித்தருகிற வகுப்பு அது. ஊர் முழுக்கப் பரீட்சை வைத்து முப்பது பேரை எடுத்ததில் நம் தர்ஷினியும் ஒருத்தி. பத்து சனிக்கிழமை, மத்தியானம் இரண்டிலிருந்து ஆறு வரை. இடம் மல்லேஸ்வரம் பக்கத்து காலேஜ், மெஜஸ்டிக்கில் பஸ் மாறவேண்டும், அப்பாவுக்கோ பீன்யா ஃபேக்டரியில் சனிக்கிழமையும் ஷிஃப்ட், அதனால் நானே துணைக்குப் போனேன். லேப் வேலைகளைப் பார்க்கிற மௌரீன் நம் அடுத்த தெருக்காரிதான், வராந்தாவில் ஜன்னலை ஒட்டி எனக்கு ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தாள். முப்பது மேதாவிகளையும் வாரக்கணக்கில் பார்த்தவள் சொல்கிறேன், மேதை என்றால் நீ ஒன்றும் பயப்படாதே. ஒருத்தன் அணுவுக்குள் இருப்பதையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பிப்பான், டிபன் டப்பா மூடி இறுகிப்போனால் மௌரீனைத் தேடி ஓடுவான். இன்னொருத்தி இடது கால் செருப்பை வலது காலில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

தர்ஷினிக்குப் பக்கத்து மேஜை சுஹாஸ் என்கிற பையனுக்கு. பெரிய ஸ்கூல், காரில் வந்து இறங்குவான், ஆனால் தலைக்கனம் கிடையாது, என்னைப் பார்த்தால் ‘ஊட்டா ஆய்தா ஆன்ட்டி, சாப்ட்டீங்களா’ என்று இரண்டு பாஷையிலும் கேட்பான். எட்டாவது வாரம் அவன் கையிலிருந்து ஒரு கண்ணாடிக் குழல் நழுவி உடைந்து விரலைக் கிழித்துவிட்டது. பாடம் நடத்துகிற சுந்தரராமன் சார், பெரிய படிப்பாளிதான், ‘அது கையா, காலா?’ என்று கேட்டு எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டார். முப்பது பேரும் சிரித்தார்கள், நானும்தான் ஜன்னலில் இருந்து சிரித்தேன், பொய் சொல்வானேன்.

ஒன்பதாவது வாரம் பரீட்சை. முதல் நான்கு பேரை மும்பையில் இரண்டு வார முகாமுக்கு அனுப்புவார்கள், தர்ஷினி அந்த நினைப்பிலேயே ஒரு மாதமாகச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். செய்முறை என்னவென்றால், நீளக் கண்ணாடிக் குழலில் ஊதாத் தண்ணீரை நிரப்பி, கீழே குடுவையில் இருக்கிற ஆசிடில் சொட்டுச் சொட்டாக விடவேண்டும், எத்தனையாவது புள்ளியில் நிறம் மாறுகிறதோ அதைக் குறிக்கவேண்டும். சார் நோட்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். இவள் நோட்டிலும் சுஹாஸ் நோட்டிலும் மூன்று தடவை விட்டுக் குறித்த கணக்கும் அச்சடித்த மாதிரி ஒன்றாக இருந்தன. இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ‘இவன் காப்பி அடிக்கிற பையன் இல்ல. நீதானே?’ என்று தர்ஷினியைக் கேட்டார். இவள் வாயில் கொழுக்கட்டை.

எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. செருப்போடு உள்ளே போய் நின்றேன். ‘ஸ்வல்ப சும்னே இரி அம்மா’ என்று கன்னடத்தில் அதட்டினார். ஒன்பது வாரமாச் சும்மாத்தான் சார் இருந்தேன், இப்ப அந்தப் பையனோட குடுவையத் தொட்டுப் பாருங்க, இருபது வருஷமாப் பாத்திரம் தேய்க்கறவ, காஞ்சது எது, கழுவினது எதுன்னு எனக்குத் தெரியாதா என்றேன். தொட்டுப் பார்த்தார். எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. மேலே குழலில் மௌரீன் நிரப்பிக் கொடுத்த ஊதாத் தண்ணீர் சைபர் கோட்டிலேயே நின்றது, ஒரு சொட்டு இறங்கவில்லை. சுஹாஸ் அழ ஆரம்பித்துவிட்டான். நான் மௌரீனை ஒரு பார்வை பார்த்தேன், பார்த்தாயா நம்ம சாமர்த்தியத்தை என்று.

அப்போதுதான் உன் தங்கை வாயைத் திறந்தாள். ‘அவன் காப்பி அடிக்கல சார், நான்தான் நம்பரச் சொன்னேன். நீங்க சிரிச்சதுலேருந்து அவனுக்குக் கை நடுங்குது. கண்ணாடியத் தொடவே மாட்டேங்கறான்.’ சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார். பிறகு, விதி விதிதான், செய்முறையில் ரெண்டு பேருக்கும் சைபர் என்றார். ஆனால் அவர் அதோடு விடவில்லை. மற்றவர்களை அனுப்பிவிட்டு, சுஹாஸ் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, ‘சிரிச்சது என் தப்புப்பா. மார்க்கெல்லாம் கெடையாது, சும்மா பண்ணு, நான் இருக்கேன்’ என்றார். முதல் தடவை பையன் நிறையக் கொட்டிவிட்டான். இரண்டாவதும் போச்சு. மூன்றாவது தடவை ஒரே ஒரு சொட்டுதான் கிருத்தி, பச்சைத்தண்ணீர் மாதிரி இருந்தது ரோஜா நிறமாகி அப்படியே நின்றது. எட்டாவது தாண்டாத எனக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது.

போன சனிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். இவள் ஏழாவது, அவன் பதினொன்று. மும்பை போச்சு. பஸ்ஸில் மெஜஸ்டிக் வரும்வரை திட்டித் தீர்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ‘நீ பேசாம இருந்திருந்தா எனக்கு மட்டும்தாம்மா சைபர், அவனாவது போயிருப்பான்’ என்றாள். உள்ளதைத்தானே சொன்னேன், அதில் என்ன தப்பு என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், பதில் தெரிந்தால் எழுது. அப்பா முழுக் கதையையும் கேட்டுவிட்டு, ‘முப்பது பேர்ல பொழைக்கத் தெரியாத ஒண்ணு நம்ம வீட்டுல’ என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய் அவளுக்கு மசால் தோசை வாங்கிவந்தார். எனக்கு வாங்கவில்லை.

நேற்று சார் போன் செய்தார். நல்ல தமிழ் பேசுகிறார், கும்பகோணமாம், அன்றைக்கு என்னை அதட்ட மட்டும் கன்னடம். அடுத்த வருஷம் பரீட்சை எழுதாமலே தர்ஷினி வரலாம், சுஹாஸிடமும் சொல்லிவிட்டேன் என்றார். இவள் ரிசீவரை வாங்கி, ‘அம்மா வராம இருந்தா வர்றேன் சார்’ என்கிறாள், நான் பக்கத்தில் நிற்கும்போதே. நானும் ரோஷமாக, பஸ் ஸ்டாப்பைத் தாண்டி வரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எந்த பஸ் ஸ்டாப் என்று சொல்லவில்லை.

நீ ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அவளுக்குப் புத்தி சொல்லாதே, சும்மா பேசிக்கொண்டிரு. குளிருக்குக் காதை மூடிக்கொள், ஈரத்தலையோடு ஆபீஸ் போகாதே, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. எங்கிருந்தாலும் நீயும் உன் தங்கையும் ஒருத்திக்கு ஒருத்தி குறையாமல் நிறைவாக வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு
உன் அம்மா
வேதநாயகி கணேசமூர்த்தி