கடமான் உப்புக்கண்டம்

ஐப்பசி 8, வெள்ளி
மூட்டம். துணி காயவில்லை. மகன் வழிப் பேத்தி கயல் மலையிலிருந்து வந்திருக்கிறாள். காட்டு மரத்தில் கேமரா கட்டுவாளாம், விலங்கு குறுக்கே போனால் தானாகப் படம் விழுமாம். காட்டினாள். சிறுத்தை ஒரு மான்குட்டியின் குரல்வளையைக் கவ்வி இழுக்கிறது. பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் முடியவில்லை. கல்லல் சந்தையில் எல்லாரிடமும் சொன்னேன். கீரைக்காரி: "சிறுத்தைக்குப் போட்டோ புடிக்கவா படிக்க வச்சீக?" பொறாமை.

சனி
மகள் வள்ளி, அவள் மகன் பாண்டி வந்தார்கள். அதே மலையில் எஸ்டேட் லாரி ஓட்டுகிறான். கயலுக்கும் அவனுக்கும் தையில் கல்யாணம். "என்ன புள்ள, கொரங்குக்கெல்லாம் ஆதார் கார்டு போட்டாச்சா?" சிரிப்பு. உப்புக்கண்டம் கொண்டுவந்தான். "ஆட்டுக்கறி, அம்மாச்சி. ஒங்களுக்குன்னே காயவச்சது." நல்லெண்ணெயில் வறுத்தேன். நார் தடிப்பு. கயல் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

ஞாயிறு
பாண்டி காரைக்குடி போயிருந்தான். கயல் மிச்சப் படங்களைப் பார்த்தாள். கத்தினாள். சினைக் கடமான், காலில் கம்பிச் சுருக்கு, எலும்பு தெரிகிறது. ஒருவன் கோடாலியால் மண்டையில் அடிக்கிறான். அடுத்ததில் வயிற்றைக் கிழித்துக் குட்டியை எறிகிறான். அடுத்ததில் முகம். பாண்டி.
நேற்று வறுத்தது என்னவென்று இரண்டு பேருக்கும் புரிந்தது. கயல் கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். எனக்கு வரவில்லை. வந்தால் தேவலை.
"படத்த வனத்துறையில குடுக்கப் போறேன், அப்பத்தா."
வள்ளி மாரில் அடித்துக்கொண்டாள். "கட்டிக்கப் போறவன ஜெயில்ல தள்ளுவாளா? ஆத்தா, நீ சொன்னா கேப்பா."
சொல்லவில்லை. இரண்டும் என் ரத்தம்.

திங்கள்
மழை. வள்ளி போனில் சொல்லியிருக்கிறாள். பாண்டி குடித்துவிட்டு வந்தான். "கேமரா கார்டு எங்கடி?" கயலின் முடியைச் சுற்றிப் பிடித்து முகத்தைத் தூணில் மோதினான். உதடு கிழிந்தது, பல் தெறித்தது. மறுபடி மோதப் போனான். என் கையில் அம்மிக்குழவி. எப்போது எடுத்தேனோ. முழங்கையில் போட்டேன். முறிந்த சத்தம். "அம்மாச்சி!" என்று அலறினான். சின்னதில் வெந்நீர் கொட்டியபோது அலறிய அதே குரல். இன்னொன்றும் போட்டேன்.

செவ்வாய்
கயலுக்கு உதட்டில் தையல். அவனுக்கு மாவுக்கட்டு. வள்ளி வாசலில் மண் வாரித் தூற்றினாள். "நீ செத்தாலும் வரமாட்டேன்." சரி.
கயல் வீங்கின வாயோடு, "குடுக்கட்டுமா, அப்பத்தா?"
சேலை மாற்றிக்கொண்டேன். பஸ்ஸுக்கு நானும் போகிறேன். படத்தில் யாரு என்று கேட்பார்கள். அவள் வாயால் சொல்ல வேண்டாம். நான் சொல்கிறேன். என் பேரன்.