தாய்த் தோட்டா, குட்டித் தோட்டா

நாள் 41. காலை 8.10
எழுதுவது மாசிலாமணி, கருமணல் தளத்தின் ஆயுதப் பொறியாளர். இந்தக் கிரகத்தில் மனிதர்கள் இரண்டே பேர்: நானும் தண்ணீர் ஆய்வாளர் ரெபேக்காவும். மற்றவர்கள் மேலே சுற்றும் கப்பலில் குடியேறக் காத்திருக்கிறார்கள். அவர்கள் இறங்குமுன் ஓட்டன்களை வீழ்த்தும் தோட்டா வேண்டும். ஓட்டன் எருமை அளவு மிருகம். முதுகிலும் விலாவிலும் கல் மாதிரி ஓடு.

இன்று இரண்டு தோட்டாக்களை ஒப்பிட்டேன். ஒன்று, கப்பலிலிருந்து பெட்டி பெட்டியாக வந்த வழக்கமான தோட்டா. மற்றது, அதே பித்தளைக் கூட்டின் வாயை இறுக்கி, மெல்லிய குண்டு பொருத்தி நானே செய்தது. ரெபேக்கா முதலாவதைத் தாய் என்கிறாள், என்னுடையதைக் குட்டி என்கிறாள்.

தாய்: கனமானது, மெதுவானது. தூரம் போகப் போகக் குண்டு தாழ்கிறது. ஓட்டில் விரிசல் உண்டாக்கி அங்கேயே தங்கிவிடுகிறது.

குட்டி: வேகம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. தாழ்வு மிகக் குறைவு. தானாகச் செத்த ஓட்டன்களின் இரண்டு ஓடுகளை அடுக்கி வைத்தேன், இரண்டையும் துளைத்தது. குழல் சீக்கிரம் சூடாகிறது. சில கூடுகள் கழுத்தில் கிழிகின்றன. என் துப்பாக்கியைக் குட்டிக்காகத் திருத்தியாகிவிட்டது. இனி தாய் அதில் நுழையாது.

நாள் 42. மாலை 5.30
முடிவுகளை அனுப்பினேன். கப்பல் தலைவர் வைத்தீஸ்வரியின் பதில்: "ஓட்டைத் துளைக்கிறது சரி. உயிரோட இருக்கிற மிருகத்துல சோதிச்சுக் காட்டுங்க."

ரெபேக்கா இப்போதும் தாய்தான் வைத்திருக்கிறாள். வானொலியில் சொன்னாள்: "அண்ணே, ஒங்க குட்டி எங்க போய் நிக்கும்னே தெரியல. எனக்கு இதுவே போதும்."

நாள் 44. காலை 11.20
தண்ணீர்ப் பம்பைச் சுற்றிய சுவருக்கும் ரெபேக்காவுக்கும் இடையே ஓர் ஓட்டன் வந்தது. நான் சுவருக்கு இந்தப் பக்கம், மேட்டில். அவள் மூன்று முறை சுட்டாள். ஓடு விரிசல் விட்டது, மிருகம் விழவில்லை. வைத்தீஸ்வரியோடு மூவரும் ஒரே வானொலியில் இருந்தோம். விலா என் பக்கம் இருக்கிறது என்று சொன்னேன்.

ரெபேக்கா: "சுட்டுராதீங்க அண்ணே. அதுக்கு நேர் பின்னாடி நிக்கேன். கொஞ்சம் பொறுங்க, பாறைக்கு அங்கிட்டுப் போயிருதேன்."

வைத்தீஸ்வரி: "இப்பவே சுடுங்க. அது திரும்பிட்டா விலா கிடைக்காது."

சுட்டேன்.

ஓட்டன் ஒரே குண்டில் விழுந்தது. அது சாய்ந்த பிறகுதான் அவள் கிடப்பது தெரிந்தது.

நாள் 44. பிற்பகல் 2.00
தளத்துக்குத் தூக்கி வந்துவிட்டேன். குண்டு இடுப்பில் நுழைந்து பின்னால் வெளியேறியிருக்கிறது. கட்டு நிற்கவில்லை. டாக்டரை அனுப்பச் சொன்னேன்.

வைத்தீஸ்வரி: "இறங்கு கலத்துக்கு ஒரு பயணத்துக்குத்தான் எரிபொருள் இருக்கு. முதல் குழு தயாரானதும் எல்லாரும் சேர்ந்து வர்றோம். ஓட்டன் எத்தனை நொடியில விழுந்துச்சு?"

கட்டை மாற்றப் போனேன்.

நாள் 46. காலை 6.40
ரெபேக்கா விடியும்போது இறந்தாள். கடைசி வரை நினைவு இருந்தது. தண்ணீர் கேட்டாள், கொடுக்கக் கூடாது என்பதால் உதட்டை மட்டும் நனைத்தேன். "நா சொன்னது ஒங்களுக்குக் கேட்டுச்சா அண்ணே?" என்றாள்.

கேட்டது என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாள் 46. காலை 9.00
வைத்தீஸ்வரி: "வருத்தமா இருக்கு. ஆனா விவரம் வீணாகக் கூடாது. ஓட்டனைத் தாண்டின பிறகும் ஒரு ஆளைத் துளைச்சு வெளிய வந்திருக்கு. காயத்தோட நீளத்தை அளந்து அனுப்புங்க. அது வந்தாத்தான் கலம் கிளம்பும்."

அளந்தேன். அனுப்பினேன்.

நாள் 47. காலை 7.15
வைத்தீஸ்வரி: "அருமையான முடிவு. குட்டியையே எடுத்துக்கிறோம். கலம் கிளம்பியாச்சு, நானே முன்னால வர்றேன். தோட்டா எவ்வளவு மிச்சம்?"

போதுமான அளவு என்றேன்.

ரெபேக்காவைப் பம்புக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டேன். மண் கெட்டி. விரல்களில் கொப்புளம்.

நாள் 47. காலை 10.50
கலம் இறங்கிவிட்டது. நான் துப்பாக்கியோடு மேட்டில் படுத்திருக்கிறேன். இதை யார் படித்தாலும், கடைசிச் சோதனை இதுதான்.

கதவு குறுகல். ஒருவர் பின் ஒருவராகத்தான் வர முடியும். திறக்கிறார்கள்.

காற்று இல்லை. குழல் இன்னும் சூடாகவில்லை.