நடுங்காத கை

மார்ச் 4

அன்பு வாலுக்கு,

அண்ணி எழுதுகிறேன். உனக்கே நரை வந்துவிட்டது, இன்னும் என்ன வாலு என்று கேட்காதேடி. உன் அண்ணன் வைத்த பேரை மாற்ற எனக்கு உரிமை இல்லை. நீ அனுப்பிய போர்வை வந்தது. ஓரத் தையல் ஒரே கோணல். பிரித்து நானே அடித்துவிட்டேன். குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. குறைதான் சொல்கிறேன்.

எழுத்து பெரிது பெரிதாக இருக்கிறதா? கண் மங்குகிறது. ஊசியில் நூல் கோப்பதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, எத்தனை தண்ணீர் குடித்தாலும் அடங்கவில்லை. வயசு, வேறென்ன. போனில் உன் குரல் டப்பாவுக்குள் அடைத்த ஈ மாதிரி கேட்பதால்தான் இந்தக் கடிதம்.

இனி எழுதுவதை வேலை நேரத்தில் படிக்காதே. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படி.

உன் அண்ணன் வருகிறார்.

கனவில் இல்லை. சாயங்காலம், தையல் மெஷின் மேல் வெயில் விழுகிற நேரத்தில், ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அதே நீலச் சட்டை. படியில் விழுந்தபோது பட்ட அடி நெற்றியில் இல்லை. பேச்சும் இல்லை. நாங்கள் மருந்து போட்டு வைக்கிற பிஸ்கட் டப்பாவின் மூடியை நீட்டுகிறார். அதில் ஒரு மாத்திரை.

கல்யாணமான நாளிலிருந்து எனக்கு மருந்து எடுத்துக் கொடுத்தது அவர்தானே. தலைவலியோ பிரஷரோ, நான் கையை நீட்டுவேன், அவர் வைப்பார், நான் முழுங்குவேன். எதற்கு, என்ன பேர் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. "நான் விஷத்தைக் குடுத்தாலும் இப்படித்தான் முழுங்குவியா?" என்பார். "குடுங்க, நிம்மதியாப் போய்ச் சேர்றேன்" என்பேன். கை நடுக்கம் வந்த பிறகும் அவர் அந்த வேலையை விடவில்லை. உருண்டுவிடும் என்று மூடியில் போட்டு நீட்டுவார். மாத்திரை கடகடவென்று ஆடும்.

இப்போது ஆடவில்லை. கை அசையாமல் நிற்கிறது. போன இடத்தில் நடுக்கத்தைச் சரி செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. எனக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

யாரிடமும் சொல்லாதே.

உன் அண்ணி

மார்ச் 15

அன்புள்ள அண்ணி,

வேலை நேரத்தில் படிக்காதே என்ற வரிக்கு வரும்போது கவுண்டரில்தான் நின்றிருந்தேன். பிறகு எப்படி நிறுத்துவது? விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்குத்தான் என்பார்கள். உங்கள் வீட்டில் விருந்தாளியும் போகக் காணோம், மருந்தும் தீரக் காணோம் என்று கேலியாக எழுத நினைத்தேன். சிரிப்பு வரவில்லை.

இங்கே ஆஸ்பத்திரியில் நான் பார்ப்பதே மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. அட்டையில் இருக்கிற பேரை இரண்டு தடவை படிக்காமல் ஒரு மாத்திரையைக்கூடக் கையை விட்டு விடமாட்டேன். என் சொந்த அண்ணி என்னடாவென்றால் பேரே தெரியாமல் முழுங்குகிறேன் என்கிறார். அண்ணி, அந்த டப்பாவில் என்னென்ன இருக்கிறது? அண்ணனுடைய நடுக்க மாத்திரைகள் மிச்சம் இருந்ததே, அவை எங்கே? உடனே எழுதுங்கள்.

இன்னொன்று. கேட்கக் கூடாது, ஆனாலும் கேட்கிறேன். அண்ணன் போவதற்கு முந்தின வாரம் எனக்குப் போன் செய்தான். "வாலு, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றான். கவுண்டரில் கூட்டம். "அப்புறம் பேசுறேண்ணா" என்று வைத்துவிட்டேன். அந்த அப்புறம் வரவேயில்லை.

மறுபடி வந்தால், என்ன கேட்க வந்தான் என்று விசாரித்துச் சொல்வீர்களா? இந்த வரியை அடித்துவிடப் பார்த்தேன். மனசு வரவில்லை.

உங்கள் வாலு

மார்ச் 27

அன்பு வாலுக்கு,

நீயாவது நம்பினாயே. அதுவே போதும்.

உனக்காகவே கேட்டேன். "உங்க தங்கச்சி கேக்குறா, என்ன விஷயம்?" என்றேன். சிரித்துக்கொண்டு மூடியை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். பதில் வரட்டும் என்று காலையிலும் அவரை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காலையிலும் வந்தார். இப்போது இரண்டு வேளையும் வருகிறார். இதயம்தான் ஓடுகிற மெஷின் மாதிரி படபடவென்று அடிக்கிறது. சுவரில் பூச்சிகள் ஊர்கின்றன. துடைத்தால் துணியில் ஒன்றும் இல்லை.

டப்பாவைக் கேட்டாயே. அட்டையிலிருந்து மாத்திரை பிதுக்க அவர் விரலுக்கு முடியவில்லை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லா அட்டையையும் நானே பிதுக்கி டப்பாவில் கொட்டினேன். அவருடையதும் என்னுடையதும் சின்னதாக, வெள்ளையாக, ரெட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். எது யாருடையது என்று அவருக்குத் தெரியும். எனக்கு அவரைத் தெரியும். அது போதாதா?

கீழ்வீட்டு டீச்சரின் மகளை உனக்குச் சொல்லியிருக்கிறேன், நாலு வயசு, நான் பட்டாணி என்று கூப்பிடுவேன். வெட்டுத்துணி பொறுக்க வருவாள். போன வாரம் ஒரு நாள் அவளுக்கும் அவர் மூடியை நீட்டினார். "பட்டாணி, தாத்தா மிட்டாய் தர்றார் பாரு" என்றேன். வாயில் போட்டுக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு கீழே ஓடினாள். மறுநாள் டீச்சர் சொன்னாள், குழந்தைக்குக் காய்ச்சலாம், முகம் செக்கச்செவேலென்று, சுவரில் பூனை ஓடுகிறது என்று ராத்திரி முழுக்கப் பிதற்றினாளாம். குழந்தைகள் கண்ணுக்குப் போனவர்கள் தெரிவார்கள் என்று சொல்வது பொய்யில்லை, வாலு.

இப்போதெல்லாம் அவர் நாற்காலியில் ரொம்ப நேரம் இருப்பதில்லை. எழுந்து மாடிப்படிக் கதவு வரை போகிறார். நின்று திரும்பிப் பார்க்கிறார். வா என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் நாற்பது வருஷம் அந்தப் பார்வைக்குப் பின்னால் நடந்தவளுக்கு வேறு சொல்ல வேண்டுமா?

உன் அண்ணி

ஏப்ரல் 6

அண்ணி,

இந்தக் கடிதத்துக்கு முன்னால் என் போன் உங்கள் கீழ்வீட்டுக்கு வந்திருக்கும். நம்பரைத் தேடி எடுத்து டீச்சரிடம் பேசிவிட்டேன். பட்டாணி பாதியைத் துப்பியிருக்கிறாள். பிழைத்தாள். இப்போது நன்றாக விளையாடுகிறாளாம். அதைக் கேட்ட பிறகுதான் என் கால் தரையில் பட்டது.

சொல்கிறேன், கேளுங்கள். வருவது அண்ணன் இல்லை. அண்ணனுடைய மாத்திரை.

நடுக்கத்துக்குத் தருகிற அந்த மாத்திரை, தேவையில்லாதவர் உடம்புக்குள் போனாலும் அளவு மீறினாலும் நாக்கு வறளும், கண் மங்கும், இதயம் படபடக்கும். இல்லாதவர்கள் வந்து உட்காருவார்கள். உங்கள் முதல் கடிதத்திலேயே எல்லாம் இருந்தது. கவுண்டரில் நாள் முழுக்க ஊருக்கு எச்சரிக்கை சொல்கிறவள் அதைப் படித்துவிட்டு, அண்ணனிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று எழுதினேன். அதற்காகத்தான் நீங்கள் காலையிலும் உட்கார்ந்தீர்கள். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்தக் கை ஏன் நடுங்கவில்லை என்று யோசித்தீர்களா? அந்த வீட்டில் நடுங்காத கை ஒன்றே ஒன்றுதான். தையல்காரியின் கை. அடுத்த தடவை அவர் நீட்டும்போது மூடியைப் பார்க்காதீர்கள். உங்கள் இடது கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

டப்பாவை அப்படியே மருந்துக்கடையில் கொண்டுபோய்க் கொடுங்கள். குப்பையில் கொட்ட வேண்டாம், அதை யாராவது பொறுக்குவார்கள். டீச்சரைக் கூட்டிக்கொண்டு நாளைக்கே டாக்டரைப் பாருங்கள், என்னென்ன முழுங்கினீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். பயந்துபோய் உங்கள் பிரஷர் மாத்திரையையும் விட்டுவிடாதீர்கள். அவர் எழுதித் தருவதைப் புது அட்டையாக வாங்குங்கள். அட்டையிலிருந்து பிதுக்கி வைக்காதீர்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில் பேரைப் படித்துவிட்டு முழுங்குங்கள். டப்பாவோ அட்டையோ, எதையும் குழந்தை கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்காதீர்கள். மருந்தை இனி எந்தக் குழந்தையிடமும் மிட்டாய் என்று சொல்லாதீர்கள்.

படிக்கதவைப் பூட்டுங்கள். அவர் எப்படிப் பார்த்தாலும் பின்னால் போகாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் வாலு

ஏப்ரல் 20

வாலு,

உன் மேல் எனக்கு வந்த கோபத்தில் இந்தக் கடிதத்தை நாலு தடவை கிழித்தேன். ஒருத்தி புருஷனை எத்தனை தடவைதான் பறிகொடுப்பாள்?

உன் போன் வந்ததும் டீச்சர் மேலே ஏறி வந்தாள். வாசலிலேயே நின்றாள். "அக்கா, பாப்பாவுக்கு என்ன குடுத்தீங்க?" என்றாள். "நான் குடுக்கல. அவர் குடுத்தார்" என்றேன். அவள் நாற்காலியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பட்டாணியைப் பின்னால் தள்ளிக்கொண்டு ஒரு படி இறங்கினாள். நாற்காலியைப் பார்த்து அவள் பயப்படவில்லை. என்னைப் பார்த்துத்தான் பயந்தாள்.

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலமும் அவர் வந்தார். மூடியை நீட்டினார். நீ சொன்னபடி என் இடது கையைத் தேடினேன். மடியில் இல்லை, வாலு. மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆள்காட்டி விரலில் ஊசி ஏறிய வடுகூடத் தெரிந்தது. அந்த வடு அவருக்கு ஏது?

அப்போதும் அவர் நாற்காலியில் இருந்தார். எழுந்தார், படிக்கதவுக்குப் போனார், திரும்பிப் பார்த்தார். மெஷின் ஸ்டூலை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன். "நீங்க போங்க. நான் வரல" என்றேன். அவர் சொல்லி நான் மாட்டேன் என்றது அதுதான் முதல் தடவை. அழுதுகொண்டேதான் சொன்னேன்.

மறுநாள் டீச்சர்தான் கூட்டிப்போனாள். படி இறங்கும்போது என் கையை விடவில்லை. மருந்துக்கடைக்காரர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மா, இதுல எது எதுன்னு உத்துப் பாத்தாத்தான் எனக்கே தெரியுது. நீங்க எப்படி..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். இப்போது எல்லாம் புது அட்டைகள்தான், எதையும் பிதுக்கி வைப்பதில்லை. அவை மேல் அலமாரியில் பூட்டிய கதவுக்குள் இருக்கின்றன. பேர் படித்து, கண்ணாடி போட்டு, உன் அதிகாரம் எல்லாம் நடக்கிறது.

நாக்கில் ஈரம் வந்துவிட்டது. ஊசிக் காதில் நூல் ஒரே குத்தில் போகிறது. நாற்காலி காலி.

தலை தெளிந்த பிறகு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்றைக்கு அவர் உனக்குப் போன் செய்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். புது மாத்திரை தொடங்கியதிலிருந்து, என்றோ போய்ச் சேர்ந்த உங்கள் அம்மா வந்து அந்த நாற்காலியில் உட்காருகிறாளாம். மாத்திரையால் இருக்குமோ என்று உன்னைக் கேட்கத்தான் நினைத்தார். நீ வைத்ததும், "பிஸியா இருக்கா, பாவம். அம்மா வந்தா வந்துட்டுப் போகட்டும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். விழுந்த அன்றைக்கு, யாரையோ வழியனுப்பத்தான் அவர் படி இறங்கினார் என்று இப்போது தோன்றுகிறது. உன்னைக் குற்றம் சொல்லவில்லை. பக்கத்திலேயே இருந்த நான் கேட்டிருக்கலாமே.

டப்பாவைக் கொடுத்தபோது ஒரு மாத்திரையை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டேன். அவருடையதுதான், கடைக்காரர் காட்டினார். அது வீட்டில் இருந்தால் ஒரு நாள் என் கை நீளும். என்னை எனக்குத் தெரியும். அதனால் உனக்கே அனுப்புகிறேன். விவரம் தெரிந்தவள் நீ. என்ன செய்ய வேண்டுமோ செய்.

உன் அண்ணி

மே 3

அன்புள்ள அண்ணி,

மாத்திரை வந்தது. உங்கள் கடிதத்தை முழுசாகப் படித்தேன். அண்ணன் என்ன கேட்க வந்தான் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன், தெரிந்துகொண்டேன். கவுண்டரில் நிற்கிறவள் அரை நிமிஷத்தில் சொல்லியிருக்கக் கூடிய பதில். இனி அதை வைத்துக்கொண்டு நான்தான் வாழ வேண்டும்.

அந்த மாத்திரை மேஜையில் கிடந்தது. அதன் பேர் தெரியும், அளவு தெரியும், என்ன செய்யும் என்று உங்களுக்கே பாடம் எடுத்தவள். இருந்தும் அண்ணன் ஒருதரம் வரட்டுமே, நான் "இப்ப சொல்லுண்ணா" என்று சொல்வதைக் கேட்டுவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தேன். அதை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன்.

நிற்கவில்லை அண்ணி. உருண்டது. என் கை ஆடுகிறது. அண்ணன் கை ஆடின மாதிரியே ஆடுகிறது. எத்தனை நாளாக ஆடுகிறதோ, தெரியவில்லை. கூட வேலை செய்கிறவள்தான் சொன்னாள், குளிர்காலத்திலிருந்தே நான் எண்ணுகிற மாத்திரைகள் தட்டில் சத்தம் போடுகின்றனவாம்.

மாத்திரையை, கவுண்டருக்குப் பின்னால், பழைய மருந்துகளை அழிக்கப் போடுகிற பெட்டியில் போட்டுவிட்டேன். போடுவதைப் பார்க்க ஒருத்தியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். டாக்டரைப் பார்க்க நாள் வாங்கியிருக்கிறேன். அவர் எதை எழுதித் தந்தாலும், அண்ணனுக்கும் உங்களுக்கும் நடந்ததைச் சொல்லி, என்னென்ன செய்யும் என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவேன்.

லீவு கிடைத்துவிட்டது. மாசக் கடைசியில் அங்கே வருகிறேன். நான் மருந்து தொடங்கும்போது தனியாக இருக்க முடியாது அண்ணி. நாற்காலியில் யாராவது வந்து உட்கார்ந்தால், "அங்க யாரும் இல்லடி" என்று சொல்ல எனக்கு ஓர் ஆள் வேண்டும்.

அதுவரை படிக்கதவு பூட்டியே இருக்கட்டும்.

உங்கள் வாலு