பள்ளிக்கூடத்தில் குறைத்த இரண்டு வயது

என் அருமை அப்பாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருடம் ஓடிவிட்டது. நலம் விசாரிக்க வரவில்லை அப்பா. கோபத்தில்தான் எழுதுகிறேன், அழுதுகொண்டும் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன். என்னைப் போல் சர்டிபிகேட் வயதோடு மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற எவளாவது ஒருத்தி படிக்கட்டும்.

படுக்கையில் கிடந்த கடைசி மாதத்திலும் என்னைப் பார்த்ததும் நீங்கள் கேட்டது ஒன்றுதான். "விசேஷம் ஏதும் உண்டா மக்கா?" இல்லையென்று தலையாட்டுவேன். "வரும், வரும்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வீர்கள். இன்னும் வரவில்லை அப்பா. கல்யாணமாகி ஐந்து வருடம் முடிந்துவிட்டது.

இந்த வருடத் தொடக்கத்தில் திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள். கருமுட்டை எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று காட்டுகிற பரிசோதனை. ஆதாரைப் பார்த்து டாக்டரம்மா வயது எழுதினார், முப்பத்தேழு. அப்புறம் ரிசல்ட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "முப்பத்தேழுக்கு இது ரொம்பக் கம்மியா இருக்கேம்மா. சாப்பாடு, தூக்கமெல்லாம் எப்படி?"

எப்படி இருக்கும்? ஆபீஸுக்குப் போக மேலநீலிதநல்லூர் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் பாதி நாள் காலைச் சாப்பாடு கிடையாது. ஆபீஸ் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதில்லை. பொழுதுக்கும் நாற்காலி. கல்யாணத்துக்கு அப்புறம் பதினைந்து கிலோ ஏறியிருந்தேன். எல்லாம் சொன்னேன். "ஆறு மாசம் பார்ப்போம். எடையைக் குறைச்சிட்டு வாங்க, இன்னும் வயசு இருக்கு" என்றார். சரி மேடம் என்று எழுந்து வந்தேன்.

எனக்கு நிஜத்தில் முப்பத்தொன்பது என்பது உங்களுக்கும் அம்மாவுக்கும் எனக்கும்தானே தெரியும்?

நீங்களே எத்தனை தடவை பெருமையடித்திருக்கிறீர்கள்! என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது ஹெட்மாஸ்டர் பிறந்த தேதி கேட்டாராம். வீட்டில் பிறந்த பிள்ளை, எந்தப் பதிவும் கிடையாது. "ரெண்டு வயசக் கொறச்சுப் போடுங்க சார். எம் மவ சர்க்கார் உத்தியோகம் பாக்கப் போறவ. ரெண்டு வருசம் சர்வீஸு கூடக் கெடைக்கும்லா?" நானும் ஆள் குள்ளம். அவர் போட்டுவிட்டார். ஊரில் பாதிப் பேர் செய்கிற காரியம்தான். எங்கள் ஆபீஸில், பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில் பிறந்ததாகச் சர்டிபிகேட் வைத்திருப்பவர்கள் மட்டும் ஏழு பேர் இருக்கிறோம்.

அந்த இரண்டு வருடத்தைத் தின்று தீர்த்தது நான்தான். இன்னும் தேர்வெழுத வயது இருக்கிறதே, இருக்கிறதே என்று எழுதி எழுதி, வேலை கிடைக்கும்போது எனக்கு நிஜத்தில் முப்பத்துமூன்று. அதற்கப்புறம் வரன் வந்தது. பையன் என்னைவிட ஒரு வயது சின்னவர் என்று தெரிந்ததும், சர்டிபிகேட் தேதிக்கே புது ஜாதகம் எழுதி வாங்கிவந்தீர்கள். "பத்துக்கு எட்டுப் பொருத்தம்ட்டி!" என்று சிரித்தீர்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஆறு மாதமும் உங்கள் மருமகன் விடிகாலையில் என்னை எழுப்பி ரதவீதியைச் சுற்றி நடக்க வைத்தார். தனியாக நடக்கச் சங்கடப்படுவேன் என்று கூடவே நடந்தார். எனக்குப் பரோட்டா கிடையாது என்றதும் அவரும் விட்டார். ஒன்பது கிலோ குறைந்தேன். மறுபடி ரத்தம் எடுத்தால், ரிசல்ட் முன்னைவிடக் கம்மி.

வீட்டுக்குள் நுழைந்ததும் சொன்னார்: "எல்லாம் என்னாலதான் கோமதி. பூச்சிமருந்து வாடையோடதான தெனமும் வீட்டுக்கு வாரேன். அதான் ஒன்னையப் பாதிச்சிருக்கு."

கரிவலம்வந்தநல்லூரில் அவர் நடத்துகிற உரக்கடை உங்களுக்குத் தெரியும். மறுநாளிலிருந்து கடையிலேயே வாளி வைத்துக் குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார். போன வாரம், "கடைய எந் தம்பிட்ட குடுத்துருதேன். வேற தொழில் பாத்துக்கிடலாம்" என்றார். பதினாலு வருடமாக அவர் கட்டிய கடை அப்பா. நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவிடம் ஓடினேன். "ஏட்டி, வாயத் தொறந்துராத! ஏமாத்திக் கெட்டிக்குடுத்துட்டாவன்னு அவுக வீட்டுல தெருவுல நின்னு கத்துவாவ. ஒங்கப்பா செத்தும் பேரு கெடணுமா?"

"கடைய விட்டுரப் போறாரும்மா."

"விட்டா விடட்டும். நீ வாழணும்லா?"

என்ன வாழ்க்கை இது? நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுத் தனியாகத் திருநெல்வேலிக்குப் போனேன். டாக்டரம்மாவிடம் நிஜ வயதைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "முதல்லயே சொல்லியிருந்தா ஆறு மாசம் காத்திருக்கவே சொல்லியிருக்க மாட்டேனேம்மா."

"ஒன்பது கிலோ குறைச்சிருக்கேன் மேடம்."

"நல்லதுதான். உடம்புக்கு நல்லது, கரு நின்னா அதுக்கும் நல்லது. ஆனா போன முட்டை நடந்தா திரும்பி வராது." சொந்த முட்டையில் சோதனைக்குழாய் முறையில் ஒரு தடவை முயற்சி செய்யலாம், நம்பிக்கை அதிகம் வைக்க வேண்டாம் என்றார். கடை வாடையைப் பற்றியும் கேட்டேன். "அது நல்லதில்லதான், ஆனா இந்த ரிசல்ட்டுக்கு உங்க வயசே போதும். வீட்டுக்காரர் கையெழுத்து வேணும். உண்மையைச் சொல்லிட்டுக் கூட்டிட்டு வாங்க."

வெளியே வந்து, மருந்து வாங்க நிற்கிறவர்களுக்கு நடுவில் நின்று வாய்விட்டு அழுதேன். யாரோ ஒரு அக்கா தண்ணீர் பாட்டில் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே அவரிடம் சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடம், ஜாதகம், எல்லாம். கத்துவார் என்று நினைத்தேன். "நீ ஒரு வயசு மூத்தவன்னா நான் ஒன்னைய வேண்டாம்னா சொல்லிருப்பேன்?" என்றார். அப்புறம் கேட்டார்: "அந்த ஆறு மாசத்த யாருட்டி திருப்பித் தருவா?"

உங்களிடம் பதில் இருக்கிறதா அப்பா?

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. தட்டு வைத்தால் சாப்பிட்டார், எழுந்து போனார். இன்று காலை செருப்பை மாட்டிக்கொண்டே, முகம் பார்க்காமல் கேட்டார். "திங்கக்கெழம எத்தன மணிக்கு வரச் சொன்னாவ?"

போகிறோம். ஒரே ஒரு தடவைதான், அதுவும் கைகூடாமல் போகலாம். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அப்பா. வெறுங்கையோடு திரும்பினாலும் உங்களைத் திட்ட மாட்டேன். நீங்கள் செய்தது என் உத்தியோகத்துக்காக. ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது நான். எவர் கேட்டாலும் இனிமேல் என் வயதைச் சரியாகச் சொல்லுவேன், முதலில் உங்களிடம்.

வருகிற ஆவணியில் நாற்பது நிறைகிற உங்கள் மகள்,
கோமதி